சமீஹாவுக்குத் தேநீர்

குவைத்தில் வீட்டுவேலை செய்த காலத்தில், எசமானியோடு எகிப்தியப் படங்கள் பார்த்தே சுகிர்தமலர் அரபு கற்றார். பிறகு மொன்றியலுக்கு வந்து திரைப்படம் படித்து, பல்கலைக்கழகத்தில் அரபு சினிமா கற்பித்தார். 2006இல் ஆவணப்படம் எடுப்பதற்காக, அதே நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் வசித்த பழைய எகிப்திய நடிகை சமீஹாவைத் தேடிப் போனார். படங்களில் சமீஹாவுக்குக் கிடைத்ததெல்லாம் வேலைக்காரி வேடம்.

“உன் படத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். வேறு யாராவது தேநீர் கொண்டுவரட்டும்,” என்றார் சமீஹா.

வேறு ஆளில்லாததால் சுகிர்தமலரே தட்டோடு வந்தார்.

“வேலைக்காரி இப்படி நடக்க மாட்டாள். திரும்ப வா,” என்றார் சமீஹா.

கமரா பிடித்த கணவர் தியாகலிங்கம், “குவைத்தில நீர் செய்த வேலையெண்டு சொல்லுமன்,” என்று முணுமுணுத்தார்.

“பேந்து சொல்லுறன். தேத்தண்ணி ஆறுது.”

சமீஹா சொல்லிக்கொடுத்தபடி இன்னொரு முறை நடந்தார். சமீஹாவுக்குத் திருப்தி. படத்தொகுப்பில் சுகிர்தமலர் முதல் நடையையே வைத்துக்கொண்டார்.