அவர் மசித்துக் கொடுத்த பரங்கிக்காய்

மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நெடி. அதற்குள்ளிருந்து மெல்ல எழும், பரங்கிக்காய் வேகிற வாசனை...

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டு உள் அறையில் படுத்தபடி நான் மூக்காலேயே சமையலை மேற்பார்வை பார்த்த நாட்கள் அவை.

எனக்கு டைபாய்டு. மகள் ஜெசி அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தாள். "தாய்ப்பால் குடுக்கக் கூடாது, குழந்தை இந்த அறைக்குள்ளயே வரக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் பாதியைத் துப்பினாள். தொடைச் சதை வற்றித் தோல் தொங்கியது. பழமும் காயும் மசித்துக் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர்.

செய்தி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து என் அக்கா லில்லி ஓடி வந்தாள்.

"பிள்ளைய நான் தூக்கிட்டுப் போறேன்டி. நீ எழுந்து நடமாடுனதும் கொண்டாந்து விடுறேன்."

அக்காவுக்குக் குழந்தை இல்லை. அவள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. திரும்பக் கொண்டுவந்து விடுவாளா என்பதில்தான் சந்தேகம். எங்கள் உறவிலேயே அப்படிப் போன ஒரு பையன், பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட்டு அங்கேயே வளர்ந்துவிட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுங்க. பிள்ள தேறலன்னா நானே பஸ் ஏத்தி விடுறேன்."

இவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அதுவரை ஒரு காப்பிகூடப் போட்டதில்லை. மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

பழைய மல் வேட்டியைக் கிழித்து, கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டார். வெந்த பரங்கிக்காயை அந்தத் துணியில் வைத்து அழுத்தித் தேய்ப்பார். நார் துணியிலேயே நின்றுவிடும். மஞ்சள் விழுது மட்டும் கிண்ணத்தில் இறங்கும். வாழைப்பழத்தின் நடுவில் இருக்கிற கறுப்புப் பொடியைக்கூட ஸ்பூன் நுனியால் எடுத்துவிடுவார். சப்போட்டாவை மார்க்கெட்டில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து வாங்குவார். கடைக்காரர் முறைத்தாலும் கவலையில்லை.

ஒரு காய் ஒத்துக்கொள்கிறதா என்று தெரியாமல் இன்னொரு காயைத் தொடமாட்டார். "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்டையும் மாத்துனா கணக்கு எப்படி வரும்?" என்பார்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். மடித்த கைக்குட்டையின் ஓரம் கோணினால்கூட எங்கள் மதர் விடமாட்டார். அந்தக் கண்ணோடுதான் படுக்கையிலிருந்து இவரிடம் குற்றம் தேடினேன்.

"நகம் வெட்டுனீங்களா?"

"காலையிலேயே."

"ஸ்பூன்?"

"கொதிச்சுக்கிட்டு இருக்கு, மதர்."

குற்றம் ஒன்றும் அகப்படவில்லை!

அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. ஆண்பிள்ளை காய் மசிப்பதைத் தெருவே பார்க்குமே என்று எனக்கு உள்ளுக்குள் கூச்சம். இவர் மூடவே இல்லை. ஒரு நாள், இவரோடு வேலை பார்க்கிற வாத்தியார் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்ன சார், அம்மாவா ப்ரமோஷன் ஆயிடுச்சாமே?"

"ஆமா சார். சம்பளம்தான் ஏத்தல" என்றார் இவர், கையை நிறுத்தாமல்.

சனிக்கிழமை பீட்ரூட். ஜெசி சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். ஞாயிறு காலை அவள் இடுப்புத் துணி முழுக்கச் சிவப்பு. இவர் முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரிக்‌ஷா பிடித்து டாக்டர் வீட்டுக்கு ஓடினார். டாக்டர் துணியைப் பார்த்தாராம், இவரைப் பார்த்தாராம். "நேத்து என்ன காய் சார் குடுத்தீங்க?" என்று கேட்டாராம்.

இவர் திரும்பி வந்தபோது, சொன்ன தவணைக்குக் கடலூரிலிருந்து வந்துவிட்ட அக்கா வாசலில் நின்றிருந்தாள். நடந்ததைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை.

"ரத்தமா பீட்ரூட்டான்னு தெரியாம ஓடுற ஆம்பள கையில பிள்ளைய விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா தம்பி?"

இவர் தானே பெட்டியைத் திறந்து குழந்தையின் கவுன்களை எடுத்துக் கொடுத்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்... கேட்பதற்கு மட்டும் காது திறந்திருந்தது.

பஸ் ஏறுவதற்கு முன் குளிப்பாட்டிவிடலாம் என்று அக்கா குழந்தையைக் கொல்லைக்குத் தூக்கிப் போனாள். தண்ணீர்ச் சத்தம் திடீரென்று நின்றது.

"ஸ்டெல்லா, கத்திரிக்கோல் எங்கடி இருக்கு?"

அரைஞாண் கயிறு ஜெசியின் இடுப்பில் அழுந்தி, அந்த இடம் சிவந்திருந்தது. போன ஞாயிறு அந்தக் கயிறு தொளதொளவென்று இடுப்பை விட்டு நழுவுகிறது என்று இறுக்கி முடிச்சுப் போட்டவள் அக்காதான்.

கயிற்றை வெட்டி, புதிதாக ஒன்று கட்டினாள். பிறகு உள்ளே வந்து, தன் பையில் வைத்த கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியிலேயே திரும்ப அடுக்கினாள்.

"பீட்ரூட் மட்டும் வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் தனியாகப் பஸ் ஏறினாள். அக்காவும் பெரிய மனுஷிதான்.

கடலூருக்கு விடமாட்டோம் என்று அன்று அவ்வளவு பாடு. அந்த ஜெசி இப்போது கனடாவில் பாட்டியாகிவிட்டாள். பேரனுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. கடையில் கலர் கலராக பாட்டில் உணவு கிடைக்கிறது. வீட்டில் மிக்ஸி மாதிரி ஒரு மெஷின், வேகவைத்து அரைத்தும் கொடுத்துவிடுகிறது. இருந்தும் போன வாரம் வீடியோ காலில், "அம்மா, கேரட் பதமா வெந்துடுச்சான்னு அப்பா எப்படிப் பாப்பாரு?" என்று கேட்டாள்.

அவர் போய்ப் பல வருஷம் ஆனாலும் எனக்கு மறக்குமா? சொன்னேன். அவர் ஒரு துளியை நாக்கில் வைத்து, பொக்கை வாய் மாதிரி உதட்டைப் பல்லுக்கு மேல் மடித்துக்கொள்வார். பல் படாமல் கரைந்தால்தான் அது பிள்ளைக்கு.

ஜெசி அப்படியே உதட்டை மடித்து மென்றாள். போனுக்குள் அச்சு அசல் அவர் முகம்.

"வெந்துடுச்சும்மா" என்றாள்.

"எனக்குச் சரியாத் தெரியல. இன்னொரு தடவ பாரு" என்றேன்.