என் மகளுக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுத்தவள்

மாரியம்மனை நம்பி வாழும் எல்லோருக்கும் சொல்கிறேன். எனக்கு இனிப்பாகப் பேச வராது. என் பிள்ளைக்குக் கண் தெரியாமல் போனது. அதைச் செய்தது வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி.

நான் கரவனெல்லப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். எனக்கு ஒரே மகள், தர்ஷிகா. பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் ஓ.எல். சோதனை எழுதி முடித்த அடுத்த ஞாயிறு, என் தம்பி குமார் வீட்டில் அவன் மகளுக்குச் சடங்கு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆம்பளைகள் வழக்கம்போலப் பின்பக்கம் போய்விட்டார்கள். அதை நாங்கள் யாரும் கேட்பதில்லை. கலியாணமோ சாவோ திருவிழாவோ, போத்தல் இல்லாமல் நம் தோட்டங்களில் என்ன நடக்கிறது?

அன்றைக்கு குமார், தண்ணீர் குடிக்கப் போன என் மகளைக் கூப்பிட்டு, போத்தலில் இருந்ததை ஒரேஞ்ச் சோடாவில் கலந்து கொடுத்திருக்கிறான்.

"சோதனை முடிஞ்சிருச்சில்ல, இனி நீ பெரிய மனுசிதான். மாமா குடுக்குறேன், குடி" என்று சொன்னானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் போனில் படமும் எடுத்தான். அவள் வெட்கத்தில் மூன்று தரம் வாங்கிக் குடித்திருக்கிறாள். ஒரு ஆளாவது "சின்னப்புள்ளைக்கு ஏன்டா குடுக்குற?" என்று கேட்கவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் இதையும் வாசிப்பீர்கள். வாசியுங்கள்.

தள்ளாடிக்கொண்டு வந்தவளைக் கண்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இரண்டு அடி போட்டு வீட்டுக்கு இழுத்து வந்தேன். தூங்கினால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மூச்சு வேகமாக வந்தது. கையை முன்னால் நீட்டித் தடவினாள்.

"அம்மா, வீடு பூரா ஏன் பொக மாதிரி இருக்கு? நீங்க எங்க நிக்கிறீங்க?"

நான் அவளுக்கு நேர் முன்னால்தான் நின்றேன்.

திரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டொக்டர் ஒரு சிங்களப் பொம்பளைப் பிள்ளை. கண்ணில் லைட் அடித்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. என்ன குடித்தாள், கடைச் சாராயமா கசிப்பா என்று கேட்டாள். களவாகக் காய்ச்சுகிற கசிப்பில் விஷம் கலந்திருந்தால் முதலில் கண்ணைத்தான் எடுக்குமாம், பிறகு உயிரை. அதற்கு வைத்தியம் வேறு. "அம்மே, எத்த கியன்ன" என்றாள். உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "கடையில வாங்கின பியர்தான் மிஸ்" என்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "பொம்பளப்புள்ள கசிப்பு குடிச்சான்னு தெரிஞ்சா நாளைக்கி எவன் கட்டுவான்? ஒன் தம்பியயும் பொலிஸ்ல புடிச்சிருவாங்க. பேசாம இரு."

"கண்ணு தெரியாத புள்ளய மட்டும் எவன் கட்டுவான்?" என்று கத்தினேன்.

குமாருக்குப் போன் எடுத்து, பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, என்ன குடுத்தாய் என்று கேட்டேன். "கடைச் சாமான்தான்க்கா, சத்தியமா" என்றான். அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் ஓடிப்போய் டொக்டரிடம், "என் புருசன் சொன்னது பொய். கசிப்பாத்தான் இருக்கும்" என்றேன். இருக்கும் என்றால் போதாது, என்ன குடித்தாள் என்று தெரிந்தால் நல்லது, முடிந்தால் மிச்சத்தைக் கொண்டு வாருங்கள் என்றாள். ஒரு மருந்தைத் தொடங்கிவிட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள்.

வாட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பைப் பக்கம் உட்கார்ந்து நான் கும்பிட்டேன். அதைக் கும்பிடுவது என்று சொல்லலாமா தெரியாது. சண்டை பிடித்தேன்.

"மாரி, வருசம் தவறாம ஒனக்குத் தீச்சட்டி எடுத்தவ நான். நீ தெய்வமா கல்லா? அவன் வாய் அழுகிப் போகட்டும். இல்லாட்டி அந்த வாயாலயே உண்மையச் சொல்ல வை. ரெண்டுல ஒன்னு செய். செய்யாட்டி ஒன் வாசல மிதிக்க மாட்டேன்."

பகல் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம், வராந்தாவில் குமார் வந்து நின்றான். கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் அரைப் போத்தல் கசிப்பு.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பொலிஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டித்தான் வந்தான். நேரே டொக்டரிடம் போய், எங்கே வாங்கினான், எவ்வளவு கொடுத்தான் எல்லாவற்றையும் சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னான். பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, ஏம் மக கேட்டா. 'அந்த கிளாஸ யாராச்சும் எனக்குக் குடுத்திருந்தா என்னாப்பா செஞ்சிருப்பீங்க'ன்னு. என்னால வீட்ல இருக்க முடியல."

நான் செருப்பைக் கழற்றி அடித்தேன். நர்ஸ் வந்து பிடிக்கும்வரை அடித்தேன். அவன் தடுக்கவில்லை.

உடனே அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இரத்தத்தை மெசினில் சுத்தம் செய்தார்கள். நான்கு நாள் அவளுக்கு இருட்டுத்தான். ஐந்தாம் நாள் காலை கஞ்சி ஊட்டும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒங்க மூக்குத்தி தெரியுது."

கஞ்சிக் கோப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாரி, நான் கேட்டதில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டாய். தம்பியின் வாயை அழுக விடவில்லை, திறக்க வைத்தாய். இன்றைக்கு தர்ஷிகா கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாள். ஓரத்தில் கொஞ்சம் மங்கல் இருக்கிறது. அது போகாது என்கிறார்கள்.

பொலிஸில் நான்தான் வாக்குமூலம் கொடுத்தேன். என் தம்பி மேலேயும் கொடுத்தேன், காய்ச்சி விற்றவன் மேலேயும் கொடுத்தேன். அங்கே இருந்த பொலிஸ் சார்ஜன்ட் சொன்னார், "இருவத்தொரு வயசு ஆகாத ஆளுக்கு லைசன் உள்ள கடையிலகூட விக்க ஏலாது. ஒங்க ஆளுங்க பதினாறு வயசுக்கு ஊட்டி விடுறீங்க." எனக்குத் தலை குனிந்தது. கடைக்காரனைத் திட்டும் நாம், சட்டம் இத்தனை வயது என்று போட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? நானே அவளுக்குச் சின்ன வயதில் சளி பிடித்தால் ஒரு மூடி பிராந்தி கொடுத்தவள். என் வீட்டுக்காரர் குடிக்கக் கிளாஸ் கழுவி வைத்தவள். அந்தப் பாவத்தையும் அம்மன் முன்னால் சொல்லிவிட்டேன். இப்போது என் வீட்டில் போத்தல் இல்லை. அவர் ஒருநாள் கொண்டு வந்தார். முற்றத்தில் ஊற்றினேன்.

கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம். குமார் இப்போது குடிப்பதில்லை என்கிறார்கள். இருக்கட்டும். அவனை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதற்கும் அம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் எனக்காகக் கேளுங்கள்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அவளிடம் போங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் கோபத்தோடேயே போங்கள், என்னைத் தள்ளாதவள் உங்களையும் தள்ள மாட்டாள். ஆனால் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்த கையோடு அவளைக் கும்பிட வராதீர்கள். இந்த வருடத் திருவிழாவில் தேருக்குப் பின்னால் எந்தப் பிள்ளை கையிலாவது கிளாஸைக் கண்டேன் என்றால், கொடுத்தவன் கோயில் கமிட்டித் தலைவராக இருந்தாலும் சரி, மைக்கைப் பிடித்து அவன் பெயரைச் சொல்லுவேன். அந்தத் தைரியத்தையும் அவள்தான் தந்தாள்.