காலிபரேஷன் அத்தியாயம்

துடியலூரில் நூல் பரிசோதனைக் கருவி செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று அந்தக் கருவி அளந்து கம்ப்யூட்டர் திரையில் காட்டும். அந்த மென்பொருளை மில்காரர்களுக்குப் புரிகிறபடி தமிழில் விளக்கிப் புத்தகமாக அடுக்குவது என் பொறுப்பு. முன்பிருந்த புத்தகம் மென்பொருள் எழுதியவர்களே போட்டது. திரையில் பொத்தான்கள் இருக்கும் வரிசையில்தான் அத்தியாயங்கள். நடுவில் நூல் அறுந்தால் என்ன செய்வது என்று தேடுகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நான் அதை மொத்தமாகக் கலைத்து, மில் லேபில் வேலை நடக்கும் வரிசையில் அடுக்க ஆரம்பித்தேன். எழுதியதைச் சோதித்துப் பார்க்க மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மில்லின் லேப் உதவியாளர் ஒத்துக்கொண்டார். கைக்குழந்தைக்காரி. எந்த அத்தியாயத்தைக் கொடுத்தாலும் நல்லா இருக்குதுங்க சார் என்பார். கேட்கச் சந்தோஷம்தான், ஆனால் காசுக்குப் பிரயோசனமில்லை. எழுதினவன் முகத்துக்கு நேரே நொட்டை சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. அதனால் கேட்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று அவர் விரலைப் பார்த்தேன். விரல் எந்த வரியில் தயங்குகிறதோ அதை மாற்றி எழுதினேன். கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்க்கும் காலிபரேஷன் அத்தியாயம் அப்படித்தான் உருவானது. அதில் பாதி அவருடையது.

அவருக்கும் அது தேவைப்பட்டது. லேப் பொறுப்பாளர் ஓய்வு பெறப்போகிறார். எங்கள் கம்பெனி ஆள் வராமல் காலிபரேஷனைத் தானே செய்து காட்டினால் அந்த இடம் அவருக்கு என்று மில் மேனேஜர் சொல்லியிருந்தார். பொறுப்பாளருக்கு நைட் ஷிப்ட் கிடையாது. "பாப்பாகூட ராத்திரி ஊட்ல இருந்துக்கலாமுங்க" என்று ஒருமுறை சொன்னார். தன்னைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அத்தியாயத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் செய்து காட்டும் நாளுக்குள் எங்கள் மென்பொருள் பிரிவு எல்லா மில்களுக்கும் இணையம் வழியாக மென்பொருளின் புதிய பதிப்பை அனுப்பிவிட்டது. அதில் காலிபரேஷன் பொத்தானை வேறொரு திரைக்குள் தூக்கி வைத்திருந்தார்கள். புத்தகம் எழுதுகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு போய்க் கேட்டபோது, சின்ன மாற்றம்தானே என்றார்கள். அந்தச் 'சின்ன' என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேனேஜர் முன்னால் அவர் என் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொன்ன இடத்தில் பொத்தான் இல்லை. அட்டையில் என் போன் நம்பர் இருக்கிறது, கூப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று மேனேஜர் கேட்டதற்குத் தனக்குத்தான் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள்.

விஷயம் என் காதுக்கு வந்ததும் ஓடிப்போய் மேனேஜரிடம் தப்பு எங்களுடையது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆள் சேர்ந்தாச்சுங்களே என்றார். லேபுக்குப் போய் அவரிடம், ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கீங்க. புத்தகத்துல தப்புன்னு நாலு பேரு முன்னால எப்படிங்க சொல்றது? எனக்குத்தான் தெரியலைன்னு சொல்லிப்போட்டேனுங்க."

என் பேரைக் காப்பாற்ற அவர் தனக்கு வரவிருந்த இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். என்னைக் கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். மனசு இன்னும் ஆறவில்லை.

இப்போது எங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில், திரையில் இருப்பதும் இதில் இருப்பதும் வேறாக இருந்தால் தப்பு எங்களுடையது, உடனே கூப்பிடுங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். மென்பொருள் அதன்பின் எத்தனையோ முறை மாறிவிட்டது. இதுவரை ஒருவரும் கூப்பிடவில்லை. எந்த மில்லில் கேட்டாலும் புத்தகம் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்கிறார்கள்.