அண்ணா எஞ்சினியர் இல்லை

அண்ணாவின் முதலாண்டு நினைவான ஆட்டைத்திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சென்ற ஆண்டு இறுதிக்கிரியைகளின்போது உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். அண்ணா உண்மையில் என்ன வேலை பார்த்தார்? சிலர் அவரை எஞ்சினியர் என்று நினைத்திருந்தீர்கள். சிலர் விளையாட்டு வாத்தியார் என்றீர்கள். நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்ற உயரமான இளைஞர்கள் யாரென்று தெரியாமல் விழித்தவர்களும் உண்டு. இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி என்னால் வந்தது. அதனால்தான் இதை எழுதும் பொறுப்பை அம்மாவும் அண்ணியும் என்னிடம் தந்தபோது மறுக்க எனக்கு வாயில்லாமல் போனது.

அண்ணா கொக்குவிலில் பிறந்தவர். அப்பா முதலில் தனியாகக் கனடாவுக்கு வந்து, அகதியாகப் பதிந்து, சில ஆண்டுகளின் பின் எங்களை அழைத்தார். அண்ணாவுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு ஏழு. ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் வீடு. அப்பா மெத்தை செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போனார்.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த பூங்காவில் கோடைக்காலத்தில் சிறுவர்கள் பேஸ்போல் விளையாடுவார்கள். பாடசாலைப் பேருந்து ஓட்டும் ஒரு போர்த்துக்கீசப் பெண்மணிதான் அந்த அணியை நடத்தினார். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணாவை அவர்தான் உள்ளே கூப்பிட்டார். விளையாட்டுத் தெரியாத பிள்ளையை எல்லோருக்கும் பின்னால், வெளிக்களத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அங்கே வழக்கம். உயரத்தில் வரும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பதுதான் அங்கே வேலை. அண்ணா இடதுகைக்காரர், இரவலாகக் கிடைத்த கையுறையோ வலதுகைக்காரர்களுக்கானது. பந்தைப் பிடித்ததும் கையுறையைக் கழற்றி அக்குளுக்குள் செருகிவிட்டு அதே கையால் எறிவார். ஒரு கோடை முழுவதும் அப்படித்தான் விளையாடினார். வேறு யாராவது என்றால் இரண்டாம் நாளே நின்றிருப்பார்கள். அண்ணாவுக்கு அந்த வெளிக்களம் பிடித்துப்போய்விட்டது. “அங்க நிண்டா எல்லாரையும் பாக்கலாம், ஒருத்தரும் என்னைப் பாக்காயினம்” என்று எனக்குச் சொன்னார்.

அப்பா ஊரில் கிரிக்கெட் ஆடியவர். “கையுறை போட்டுக்கொண்டு பிடிக்கிறதும் ஒரு பிடியோ?” என்று சிரிப்பார். ஆனால் அந்தப் பிடிகளுக்காகவே ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அண்ணாவுக்குப் புலமைப்பரிசில் தந்தபோது, பல்கலைக்கழகம் என்ற ஒரு சொல்லால் அப்பா சமாதானமானார். சந்தித்தவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த மகிழ்ச்சி மூன்று ஆண்டுகள் நீடித்தது. படிப்பு முடிய ஓராண்டு இருக்கும்போது ஒரு தொழில்முறை அணி அண்ணாவைத் தெரிவு செய்தது. அவர் படிப்பை விட்டுவிட்டுப் போவதென்று முடிவெடுத்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

“ஒரு வருஷந்தானே கிடக்கு. படிப்பை முடிச்சுப்போட்டுப் போ” என்றார் அப்பா.

“ஒரு வருஷத்தில கால் மெதுவாயிடும், அப்பா.”

அப்பா தொலைபேசியை அம்மாவிடம் நீட்டினார். அதற்குப் பிறகு அண்ணா எடுக்கும் ஒவ்வொரு முறையும், குரலைக் கேட்டவுடன் அப்படித்தான் நீட்டுவார். பல ஆண்டுகள்.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரிய லீக்குக்குக் கீழே பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஏறத் துடிக்கும் இளைஞர்கள் நிறைந்திருப்பார்கள். அண்ணா அந்தப் படிகளில் ஏறியும் இறங்கியும் தன் இளமையைச் செலவிட்டார். சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர்கள், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலப் பேருந்துப் பயணங்கள், நாலு பேர் பங்கிட்டுக்கொள்ளும் அறைகள். ஓர் அணி அவரை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிடும். அது நீக்கினால் வேறொன்று எடுக்கும். ஒருமுறை காலையில் மைதானத்துக்குப் போனபோது அவருடைய உடுப்புகளைக் குப்பைப் பையில் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். நீக்கப்பட்ட செய்தி அதுதான். குளிர்காலத்தில் ஸ்காபரோவுக்கு வந்து எங்களோடு இருப்பார். தினமும் மிசிசாகாவுக்குப் போய் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றுவார். பனி உருகத் தொடங்கினால் பையைக் கட்டிவிடுவார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சம்பந்தம் பேசி வந்தபோது, வருங்கால மாமியார் தொலைபேசியில் விசாரித்தார். “தமையன் அமெரிக்காவில என்ன செய்யிறார், பிள்ளை?” பந்து விளையாடுகிறார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “எஞ்சினியர், அன்ரி” என்றேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் நின்றே சொன்னேன். அவர்கள் என்னைத் திருத்தவில்லை. அந்த ஒரு சொல் மாப்பிள்ளை வீட்டிலிருந்து புறப்பட்டு ஸ்காபரோ முழுவதும் போய்விட்டது.

அண்ணா வரவேண்டும் என்பதற்காகவே கலியாணத்தைக் குளிர்காலத்தில் வைத்தோம். நான் சொன்ன பொய்யை அவரிடம் சொல்லத் துணிவில்லாமல் நாளைக் கடத்திவிட்டேன். மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா அண்ணாவுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். நான் மணவறையிலிருந்து எழுந்து வந்து, இரண்டு கதிரை தள்ளி நின்று விருந்தினரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி எஞ்சினியராமே. எந்தக் கொம்பனி?”

அண்ணா ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சின்னக் கொம்பனி, அங்கிள். அடிக்கடி இடம் மாத்துவாங்கள்” என்றார்.

“வேலை நிரந்தரமோ?”

“அதுதான் பிரச்சினை, அங்கிள்.”

விருந்து முடிந்து காரில் ஏறும்போது அவர் என் காதருகே குனிந்து, “முன்னமே சொல்லியிருந்தா நல்லாப் பழகிக்கொண்டு வந்திருப்பனே, தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பெரிய லீக்கில் விளையாடும் அணி ஒன்றில் ஒருவருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு அண்ணாவைக் கூப்பிட்டார்கள். முப்பது வயதில் அவருக்கு வந்த முதல் அழைப்பு அது. அப்பா தொழிற்சாலையில் விடுமுறை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். “எப்ப விளையாட இறக்குவாங்கள்?” என்று அம்மாவை நச்சரித்தார். அம்மாவுக்கு என்ன தெரியும்?

நான்கு நாட்கள் அண்ணா அந்த அணியோடு இருந்தார். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். நான் மாமியார் வீட்டில் இருந்தேன். என் கணவர் ஆட்டத்தைப் போட்டுவிட்டிருந்தார். அவருக்கு உண்மையை முன்பே சொல்லியிருந்தேன், மாமியாருக்குச் சொல்லவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் அண்ணாவைத் தயாராகச் சொன்னார்கள். தலைக்கவசம் போட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு, வீரர்கள் அமரும் பள்ளத்தின் படியில் ஏறி நின்றார். கமெரா அவருடைய முதுகைக் காட்டியது. முதுகில் அப்பாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இந்த நாட்டில் தகப்பன் பெயர்தானே எங்களுக்குக் குடும்பப் பெயர்.

தேநீரோடு வந்த மாமி அப்படியே நின்றுவிட்டார். “உது உங்கட அப்பாவின்ர பேரெல்லோ?”

என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பதிலாக அவர் பேசமாட்டார் என்று தெரிந்தது.

“ஓம், மாமி. அது அண்ணாதான். அவர் எஞ்சினியர் இல்லை. உதுதான் அவற்ற வேலை. நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

மாமி தேநீரை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்குள் மைதானத்தில், அண்ணாவுக்கு முன்னால் ஆடியவர் ஆட்டமிழந்தார். அத்தோடு கடைசிச் சுற்றும் முடிந்துவிட்டது. அண்ணா தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

“ஏன் போறார்?” என்று கேட்டார் மாமி.

“அவருக்கு முறை வரேல்லை.”

மாமி தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். பிறகு, “வெக்கப்பட வேண்டிய வேலையே இது? நீ சொன்ன பொய்தான் வெக்கம்” என்றார். அது எனக்குச் சரியான அடி. அன்று மாலையே அவர் தன் சகோதரிகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, மருமகளின் தமையனைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள் என்று சொன்னது வேறு கதை.

மறுநாள் அண்ணாவைக் கீழே அனுப்பிவிட்டார்கள். பெரிய லீக்கில் அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. ஆட்டக்குறிப்புகளில் அவர் பெயர் இல்லை. அந்த வாரம் அப்பா தானாகவே தொலைபேசியை எடுத்து அண்ணாவின் எண்ணை அழுத்தியதாக அம்மா சொன்னார். “அடுத்த முறை இறக்குவாங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்தாராம். அண்ணா எனக்குச் சொன்னபோது, அந்த மூன்று சொற்களை அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. அண்ணா மெக்சிக்கோவில் ஓர் அணியில் இருந்தபோது அப்பா மாரடைப்பால் காலமானார். கொள்ளி வைக்க மகன் வருவாரோ என்று மண்டபத்தில் குசுகுசுத்தார்கள். கிரியை தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கையில், விளையாட்டுப் பையைத் தோளில் போட்டபடி அண்ணா நேரே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். எட்டாம் நாள் கிரியை முடிந்ததும் பையைக் கட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டவில்லை. “விளையாடினது காணும், தங்கச்சி. தோளும் ஏலாது, மனமும் ஏலாது” என்றார்.

விட்ட அந்த ஓராண்டுப் படிப்பை முப்பத்துநான்கு வயதில், ஏறத்தாழத் தன் வயதில் பாதியே ஆன பிள்ளைகளோடு இணையவழி வகுப்புகளில் படித்து முடித்தார். பட்டம் இல்லாமல் கல்லூரியில் பயிற்றுநராக முடியாது. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் உள்ள ஒரு கல்லூரி அவரை உதவிப் பயிற்றுநராக எடுத்தது. பிறகு தலைமைப் பயிற்றுநரானார். அங்கே நூலகத்தில் வேலை செய்த, மட்டக்களப்பைச் சேர்ந்த அண்ணியை மணந்தார். எங்கள் எல்லோருக்கும் அண்ணா வாழத் தொடங்கிவிட்டார் என்ற நிம்மதி வந்தது. அவரோ, தான் எப்போதும் வாழ்ந்துகொண்டுதான் இருந்ததாகச் சொல்வார்.

அண்ணா பிடிவாதக்காரர். யாருடைய பிறந்தநாளும் நினைவிருக்காது. என் மூத்த மகள் பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வரவில்லை. இதையெல்லாம் மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார். ஆனால் ஒரு விடயத்தில் அவர் தவறியதே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அணிக்குத் தெரிவு முடிந்ததும், இடம் கிடைக்காதவர்களை ஒவ்வொருவராக அழைத்து, பார்வையாளர் இருக்கையில் பக்கத்தில் இருத்தி, தானே சொல்வார். ஒருமுறை அவரை அழைத்துவரப் போய் இரண்டு மணித்தியாலம் காரில் காத்திருந்தேன். வெளிறிய முகத்தோடு வந்து ஏறினார்.

“ஒரு பேப்பரில எழுதி ஒட்டிவிடலாமே, அண்ணா?”

“அவன் கேள்வி கேட்டா பேப்பர் பதில் சொல்லுமோ?”



நாற்பத்தேழாம் வயதில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கோடையில் உடம்பு இடங்கொடுத்த நாட்களில் மைதானத்துக்குப் போனார், முடியாத நாட்களில் உதவிப் பயிற்றுநர் அனுப்பும் படக்காட்சிகளைக் கட்டிலில் படுத்தபடி பார்த்தார். “உவன் இன்னும் முதல் அடியை முன்னுக்கு வைக்கிறான். பின்னுக்கு வை எண்டு எத்தினை தரம் சொன்னனான்” என்று முணுமுணுப்பார். கடைசி வாரம் பேச்சுக் குறைந்தது. அண்ணியின் கையைப் பிடித்தபடி, ஒரு காலை நேரத்தில், இலைகள் நிறம் மாறும் பருவத்தில் போய்விட்டார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும் வைத்தியருக்கும், நோய்நாட்களில் முறை வைத்துச் சோறு கொண்டுவந்த டோர்செட் பார்க் அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், இரண்டு மணித்தியாலம் கார் ஓடிவந்து தொப்பியைக் கழற்றி நின்ற மாணவர்களுக்கும், வயது போன காலத்திலும் கைத்தடியோடு வந்த அந்தப் பேருந்து ஓட்டிய பெண்மணிக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. நான் உண்மை சொல்லக் காரணமாயிருந்த மாமியாருக்கும் நன்றி.

இன்னொருவர் மிச்சம். அண்ணாவோடு மூன்று அணிகளில் பந்து எறிந்தவர். டொமினிக்கன் குடியரசிலிருந்து விமானம் ஏறி வந்தவர். தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா அவரைத் தன் பக்கத்தில் இருத்தினார். எண்பது வயதை நெருங்கும் அம்மா, மகனின் ஆட்டம் எதையும் மைதானத்தில் பார்த்ததில்லை.

“இவரைக் கேள், பிள்ளை. என்ர பிள்ளை நல்லா விளையாடினவனோ?”

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.  அவர் தரையைப் பார்த்து யோசித்துவிட்டு, தன் உடைந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“நான் எறிஞ்ச பந்தை மற்ற அணிக்காரன் அடிச்சு, அது எனக்குப் பின்னால உயரப் போனா, என்ன நடக்குமோ எண்டு பயந்து திரும்பிப் பாப்பன். எறியிற எல்லாரும் பாப்பினம். பந்து உங்கட மகன்ர பக்கம் போனா மட்டும் நான் திரும்பிறேல்லை. அடுத்த பந்துக்குக் கையை நீட்டுவன்.”

அம்மா அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“அப்ப சரி” என்றார். “அவரைச் சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு.”

அன்புத் தங்கை
ஸ்காபரோ