அரிசி என்று பிரித்த மூட்டை

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். பொள்ளாச்சிச் சந்தை கூடும் வியாழக்கிழமை. அங்கிருந்து எல்லை தாண்டி மலையாளப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வரும் பஸ்ஸின் கூரையில் என் மூட்டை, உள்ளே நான். இன்று அதே கொழிஞ்சாம்பாறையில் இரண்டு மாடிக் கடையும் பின்னால் கிடங்கும் வைத்திருக்கிறேன். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அன்றைக்கு என் சொத்து அந்த ஒரு சாக்கு மூட்டைதான்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது காமிக்ஸ். ஆட்கள் வாயிலிருந்து வளையம் போட்டு எழுதியிருப்பார்களே, அதைப் படம் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலத்திலும் இடுப்பில் ஒரு புத்தகம் செருகியிருக்கும். எந்த ஆளுக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதில் என்னை மிஞ்சிய ஆள் இந்தப் பக்கத்தில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் காமிக்ஸ் வாடகைக்கு விடும் பெட்டிக்கடை போடத் துணிந்தேன். மறுநாள் காலை திறப்பு. சேர்த்து வைத்ததையெல்லாம் பொள்ளாச்சியில் ஒரு பழைய பேப்பர் கடையில் கொட்டி, சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். அது போனால் மறுபடியும் மார்க்கெட்டுக்கே போக வேண்டியதுதான்.

அந்த நாளில் அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தடை. சோதனைச் சாவடியில் சாக்கு என்று ஒன்றைக் கண்டால் இறக்கிப் பார்ப்பார்கள். என்னுடையதும் இறங்கியது.

"எந்தா இதில்? அரியா?" என்று மலையாளத்தில் கேட்டார் அதிகாரி.

"புஸ்தகமுங்க சார். பொம்மக் கதை."

அவர் நம்பவில்லை. அடியில் அரிசி இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் கீழே கொட்டச் சொன்னார். அவர் வேலை அது. கொட்டினேன்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று ஆளையே தள்ளும். கூடையைத் திறந்துவிட்ட கோழிகள் மாதிரி என் புத்தகங்கள் ரோடெல்லாம் சிதறின. நான் ஒரு பக்கம் ஓடினால் இன்னொரு பக்கம் பறக்கிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் பாவம் பார்த்து இறங்கி, ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிடித்தார்கள். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்க்கிறேன், ஒருவரும் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. பஸ்ஸின் நிழலில் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரிசி இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் வாங்கியதற்குப் பில் எங்கே என்றார் அதிகாரி. பழைய பேப்பர் கடையில் யார் பில் தருகிறார்கள்? மேலதிகாரி வரும்வரை மூட்டை இங்கேயே இருக்கட்டும் என்றார். சரக்கில் பாதி அவர் மேசையடியில், மீதி ஊரார் கையில்.

அப்போதுதான் பின்னால் சண்டை கேட்டது. தலைப்பாகை காற்றில் போகாமல் இருக்க அதைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்த ஒரு தோட்டக்காரப் பெரியவருக்கும், பெல்பாட்டம் போட்ட காலேஜ் பையனுக்கும்.

"குதிரக்காரன் கதையெல்லாம் புளுகுங்க. எவ்வளவு வேகமாப் போனாலும் அவன் தொப்பி உழுகறதே இல்ல. துப்பறியற கதையப் படிங்க, மூளைக்கு வேலை இருக்கும்" என்றான் பையன்.

"அவனூர்ல ஆடி மாசம் வராதாட்ட இருக்குது. நீ உன்ற மூளைக்கு வேலை குடு தம்பி, என்னைய உடு" என்றார் பெரியவர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தக்காளிக் கூடைக்காரம்மா ஒருவர் நடுவில் புகுந்தார். "எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா இந்தப் பங்களாக் கதைதான் கதை. இவ மனுசியே இல்ல, கால் போடாம வரைஞ்சிருக்கான் பாரு கண்ணு."

பெரியவர் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். நாயகன் குதிரையோடு பாலத்தின் மேல், கீழே வெடி பற்ற வைத்தாயிற்று, தொடரும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, அடுத்தது எங்க?"

"சார் மேசைக்கு அடீல இருக்குதுங்க."

அவர் நேராக அதிகாரியிடம் போனார். "ஏனுங்க சார், மூட்டைய நீங்க வெச்சுக்கிட்டா குதிரக்காரன் பாலத்து மேலயே நிக்கோணுமுங்க. அவன் வர்ற வரைக்கும் நானும் இங்கயே நின்னுக்கறன்." கண்டக்டர் விசில் ஊதினார். ஒருவரும் ஏறவில்லை.

அதிகாரி சோதனைக்கு என்று எடுத்த ஒரு துப்பறியும் கதையைக் கையில் விரித்து வைத்திருந்தார். தமிழ் எழுத்து தெரியாதவர், படத்தின் மேல் விரலை வைத்து வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தேன். என் வித்தை பொய்க்காது. ஆள் விழுந்துவிட்டார்.

"அந்தக் கதையில கொலகாரன் ஆரு தெரியுமுங்களா சார்? அந்தத்..." என்று ஆரம்பித்தேன்.

"பறயண்டா, பறயண்டா" என்று கையை நீட்டி என் வாயை அடக்கினார். சொல்லாதே என்கிறார். கூட்டம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேசையடியில் இருந்த சாக்கைக் காலாலேயே என் பக்கம் தள்ளினார்.

வழி முழுக்கப் பஸ்ஸுக்குள் அதே பேச்சுதான். பையனுக்கு ஒரு குதிரைக் கதையும், பெரியவருக்கு ஒரு பேய்க் கதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்றேன். பாலத்துக் கதையின் அடுத்ததை மட்டும் நாளைக்குக் கடையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இறங்கும்போது புத்தகம் எல்லாம் திரும்பி வந்தது. கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேராதது ஒன்றே ஒன்று, அது சாவடி மேசையில் இருந்தது. நானாகவே விட்டு வந்தது.

மறுநாள் காலை நான் கடைப் பலகையை எடுப்பதற்குள் தலைப்பாகைப் பெரியவர் சைக்கிளோடு நின்றார். பாலம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் சோறு இறங்கவில்லையாம். என் முதல் போணி அவர்தான். மதியத்துக்குள் பையனும் வந்தான், கூட நாலு சிநேகிதர்களோடு. அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் சாவடியில் என் சாக்கை யாரும் கொட்டச் சொன்னதில்லை, "புதியது உண்டோ?" என்ற கேள்வி மட்டும் வரும்.

இன்றும் ஆடிக்காற்று கிளம்பினால் சரக்கு பறந்துவிடும் என்று என் மக்கள் ஓடி ஓடிக் கடைக் கதவைச் சாத்துகிறார்கள். முன்பின் தெரியாத ஒரு பஸ் கூட்டத்தையே எனக்காக நிற்க வைத்த காற்று என்பதால், எனக்கு மட்டும் அதன் முகத்தில் கதவைச் சாத்த இன்றுவரை மனசு வந்ததில்லை.