உள்தாழ்ப்பாள்

சாட்டோ குடா என்ற அந்தத் தீவுக் கிராமத்தில் நண்பகலில் வானொலி சாவு அறிவிப்பு வாசிக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். அடுப்பில் கறிப்பலா வெந்துகொண்டிருந்தாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். செத்தவன் யாரென்பது ஊருக்கு முன்னமே தெரிந்திருக்கும். அவனுக்கு உறவு யார் யாரென்று வரிசையாகச் சொல்வார்களே, அதற்குத்தான் காது கொடுப்பார்கள். முதலில் மனைவி, பிறகு பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், வெளிநாட்டு உறவுகள். எல்லாம் முடிந்து, சில சமயம், "நல்ல சிநேகிதி இன்னார்" என்று ஒரு பெயர் வரும். அந்தச் சிநேகிதி யாரென்று தீவுக்கே தெரியும். சோறு பொங்கிப் போட்டவள், துணி துவைத்தவள், கல்யாண மோதிரம் போடாமல் கூடவே வாழ்ந்தவள்.

எல்தா அப்படி வாழ்ந்தவள்தான். படகுக்காரன் ஹெஸ்கித்தோடு பத்தொன்பது வருஷம். அவன் மனைவி டெல்ஃபின் லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், திரும்பி வரவில்லை. விவாகரத்தும் ஆகவில்லை. ஹெஸ்கித்தின் அப்பா விட்டுப்போன மனையில், கடற்கரையிலிருந்து எல்தா தலைச்சுமையாக மணல் கொண்டுவர, இரண்டு பேருமாகக் கட்டிய வீடு அது. ஞாயிற்றுக்கிழமை வலையை இழுக்கும்போது ஹெஸ்கித் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகுக்குள்ளேயே சரிந்தான். கரைக்கு வரும்போது உயிர் இல்லை.

எல்தாவுக்கு நாலு பேர் நடுவே பேச வராது. ஆனாலும் பெண்கள் கமிட்டிக்கு அவள்தான் கால். சேர்ந்து வாழும் பெண்ணுக்கு வீட்டில் பங்கு கொடுக்கும் சட்டம் வேண்டுமென்று இரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். வாசலில் நின்றுகொண்டு, ஒருத்தியிடம் மட்டும் என்றால் அவளுக்குப் பேச வரும். "நீ அவனுக்கு வேலைக்காரி இல்லடி. அவன் செத்தா உன்னைத் தூக்கித் தெருவுல போட யாருக்கும் உரிமை இல்ல" என்பாள்.

போன மழைக்காலத்தில் பாதிரிமார் ஒரு நிபந்தனை போட்டார்கள். இருவரில் யாருக்காவது கட்டின துணை உயிரோடு இருந்தால் இந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று எழுதினால் எதிர்க்கமாட்டோம் என்றார்கள். கமிட்டித் தலைவி பிரிங்கிள் டீச்சர், சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒவ்வொரு கையாக மேலே போயிற்று. தன் கை மட்டும் கீழே இருந்தால் ஏன் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். எல்தாவும் தூக்கினாள். ஹெஸ்கித் அன்றைக்குக் கல்லு மாதிரி திடமாக இருந்தான், சாவை யார் நினைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஹெஸ்கித்தின் தங்கை ஐரலின் வந்தாள். இத்தனை வருஷத்தில் "ஏ எல்தா" என்பதைத் தவிர வேறு கூப்பிட்டதில்லை.

"என்ன அண்ணி, சாப்பிட்டியா?"

எல்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள். எதற்கு இந்த அண்ணி என்று அடுத்த பேச்சிலேயே தெரிந்துபோயிற்று.

"டெல்ஃபின் வெள்ளிக்கிழமை வந்து இறங்குறா. சனிக்கிழமை அடக்கம். ரேடியோவுல உன் பேரும் வரும், நல்ல சிநேகிதின்னு. கோயில்ல மூணாவது பெஞ்சு. கிறிஸ்துமஸ் வரைக்கும் வீட்டுல இருந்துக்கோ. ஆனா வியாழக்கிழமை அந்தச் சட்டக் கூட்டத்துல நீ வாயைத் திறக்கக்கூடாது. எங்கண்ணன் பேரைச் சந்தி சிரிக்க வெக்காதே."

"நான் எங்க பேசப்போறேன்? எனக்குப் பேசவா தெரியும்?"

"அப்போ நல்லதாப் போச்சு."

அன்று மாலையே பிரிங்கிள் டீச்சர் இனிப்பு ரொட்டியோடு வந்தார். துக்கம் விசாரித்தார். ரொட்டியைத் தானே நறுக்கி வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வியாழக்கிழமை டவுன்லேர்ந்து சட்ட அதிகாரி வர்றாரு. நீ வா எல்தா, வராம இருக்காதே. ஆனா எழுந்திரிச்சிடாதேம்மா. உன் கதையைப் பிடிச்சிக்கிட்டு மொத்தத்தையும் கவுத்துடுவாங்க."

"எனக்கு அதுல ஒண்ணும் இல்லையே டீச்சர்."

"இல்லதான். தெரியும்." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல இது வரட்டும்."

ரொட்டியை எல்தா தொடவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. எல்தா கடைசி பெஞ்சில், கதவோரம் உட்கார்ந்தாள். எதிர் வரிசையில் ஐரலின். அதிகாரி படித்து முடிப்பதற்குள் ஜன்னலில் சாய்ந்திருந்த ஒருவன் கத்தினான்.

"வைப்பாட்டிச் சட்டம்னு பேர் வையுங்க சார்!"

"உங்கம்மாவைக் கேட்டியாடா அதை?" என்று ஒரு கிழவி திருப்பிக் கொடுத்தாள். மண்டபமே சிரித்தது.

அப்போது ஜூனி எழுந்தாள். கைக்குழந்தைக்காரி, எல்தா மூன்று தடவை படியேறிப் பேசவைத்த பெண். "அவன் வெளிய போடின்னா போயிடணும்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன். அப்படி இல்லைன்னு எனக்குச் சொன்னது எல்தாக்கா. வேணும்னா அவங்களையே கேளுங்க. அதோ இருக்காங்க."

தலைகள் திரும்பின. பிரிங்கிள் டீச்சர் மேடையிலிருந்து லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. ஐரலின் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜூனி நின்றாள். பேசாமல் இருந்தால் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள்.

எல்தா எழுந்தாள். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ இருந்தது சொல்ல. மணலைச் சொல்லலாம். தூக்கிய கையைச் சொல்லலாம்.

"ஆமா. நான்தான் சொன்னேன். சொன்னது சரிதான்."

அவ்வளவுதான் வந்தது. உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் கை தட்டினார்கள். டீச்சர் மூச்சு விட்டார். ஐரலின் எழுந்து அவள் முழங்காலை உரசிக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் நண்பகலில் எல்தா ஹெஸ்கித்தின் சாம்பல் நிறக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்குப் போட அவனுக்கு வேறு நல்ல உடுப்பு கிடையாது. வானொலி வாசித்தது. அன்பு மனைவி டெல்ஃபின், தங்கை ஐரலின், தங்கை மகன், கனடாவில் நாலு பேர், டிரினிடாடில் ஒருவர், மற்றும் பல நண்பர்கள். அடுத்த சாவுக்குப் போய்விட்டார்கள். எல்தா கோட்டின் காலரைத் திருப்பிப்போட்டுத் தேய்த்தாள்.

மாலையில் ஐரலின் தன் மகனோடு வந்தாள். அவன் கையில் புதுப் பூட்டு இருந்தது.

"கோட்டைக் குடு. சாவியையும் குடு."

எல்தா கோட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். "இடது தோள்ல தையல் விட்டிருந்துச்சு, தைச்சிருக்கேன். மாட்டும்போது இழுக்கவேணாம்னு சொல்லு."

"சாவி?"

எல்தா ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கதவை உள்ளே தாழிட்டாள். பின்கதவையும்.

"எத்தனை நாளைக்குடி உள்ள இருப்பே? நாளைக்கு அடக்கத்துக்கு வரமாட்டியா? வந்துதானே ஆகணும்?" ஐரலின் வெளியிலிருந்து சிரித்தாள். மகன் படியில் உட்கார்ந்துகொண்டான்.

சனிக்கிழமை கோயில் மணி அடித்தபோது எல்தா கறுப்பு கவுன் போட்டு, தொப்பியும் வைத்து, நாற்காலியில் இருந்தாள். படியில் அந்தப் பையன் மாமன் சாவுக்குக்கூடப் போகாமல் பூட்டும் கையுமாகக் காத்திருந்தான். அவள் காலை வெளியே வைத்தால் வீடு போய்விடும். வைக்காவிட்டால் ஹெஸ்கித் போய்விடுவான். பாட்டு கேட்டது. இந்த வரிக்கு அவன் எப்போதும் சுருதி தப்புவான்.

ஊர்வலம் கடற்கரைத் தெருவில் திரும்பியது. சவப்பெட்டி கடக்கும்போது எல்லா வீட்டிலும் கதவு ஜன்னலைச் சாத்துவது மரியாதை. அடுத்தடுத்துப் பலகைகள் சாத்தப்படும் சத்தம் அவள் வீட்டை நோக்கி வந்தது. பக்கத்து வீடும் சாத்தியாயிற்று.

எல்தா எழுந்து ஜன்னலை முழுக்கத் திறந்தாள். தொப்பியோடு அங்கே நின்றாள்.

முன்னால் டெல்ஃபின் போனாள், இந்தத் தெருவுக்குப் பழக்கமில்லாத செருப்போடு, யாரையும் அடையாளம் தெரியாமல். பின்னால் படகுக்காரர்கள் பெட்டியைச் சுமந்து வந்தார்கள். சரியாக அவள் ஜன்னலுக்கு நேரே நின்று தோள் மாற்றினார்கள். வழியில் எங்காவது மாற்றத்தான் வேண்டும், அதனால்தான் நின்றார்களோ, தெரியவில்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு நடந்தார்கள்.

கடைசி ஆளும் கடந்த பிறகு படியிலிருந்த பையன் எழுந்து ஜன்னலடிக்கு வந்தான். எல்தா பலகையை இழுத்துச் சாத்தினாள். கொக்கியைப் போட்டாள். தொப்பியைக் கழற்றவில்லை.