வடகிழக்கு மூலையின் ஆழம்

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. பாறசாலைக்கும் காரோட்டுக்கும் இடையில் நான் கட்டிய வீடுகளை ஒரு தாளும் பார்க்காமல் இன்றைக்கும் சொல்லுவேன். எந்த வீட்டுக்கு எத்தனை அடி அஸ்திவாரம், எந்த மண், எந்த ஆண்டு மேல்தளம் போட்டது, எல்லாம் தலையில் உண்டு. சிமெண்டு சுமந்து தொடங்கியவன் நான். பெரிய படிப்புப் படித்த எஞ்சினீயர்கள் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி வந்தவள் என் தங்கை மகள். திருவனந்தபுரத்தில் எஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் வீடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டும் ஒரு வரைபடம் செய்ய அவளுக்குத் தகவல் வேண்டும். பஞ்சாயத்தில் இல்லாத கணக்கு என்னிடம் இருந்தது. மூன்று நாள் வீடு வீடாக நடந்தோம். நான் சொன்னேன், அவள் எழுதினாள்.

லாரி ஓட்டி ஓய்ந்த என் கூட்டுக்காரன், பழைய சிநேகிதன், அவன் வீட்டுக்கு நாங்கள் வந்தபோது அவனும் முற்றத்தில் நின்றான். எனக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்த வீடு அது. எல்லாரும் என்னைக் காண்ட்ராக்டர் என்பார்கள். அவன் மட்டும் கடைசி வரை கொத்தனார் என்றுதான் கூப்பிட்டான்.

"மாமா, இந்த வீட்டுக்க அடியில என்ன மண்ணு?"

அந்த மனையின் வடகிழக்கு மூலை வெட்டுகல் எடுத்த பழைய குழி. மனையை விற்றவர் சொன்னபடி நான்தான் தென்னந்தடியும் தேங்காய்த் தொண்டும் உடைந்த செங்கலும் போட்டு நிரப்பினேன். அவர் செத்துப்போனார். அவரிடம் மனையை வாங்கிய லாரிக்காரனுக்கு அது தெரியாது. அன்று காலையில்தான் நான் கட்டிய ஒரு வீடும் குழிமேல் நிற்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"கெட்டி மண்ணாக்கும். நாலு மூலையும் நாலு அடி. எழுது மக்கா."

மாதங்கள் கழித்து, சபைக் கட்டடத்தில் கம்ப்யூட்டரை வைத்து ஊருக்குக் காட்டினாள். முதலில் வெறும் கோடுகள் வந்தன. பிறகு நிறம் ஏறி வீடுகள் எழும்பின. மவுசை நகர்த்தினால் ஊர் திரும்பியது. ஒரு வீட்டைத் தொட்டால் அதன் விவரம் பக்கத்தில் வந்தது. கெட்டி மண் பச்சை, நிரப்பின மண் சிவப்பு.

"எலே, எனக்க வீட்டைச் சாய்க்காத. கூட்டுல கோழி கிடக்கு" என்று ஒருவன் சொல்ல, கட்டடம் முழுக்கச் சிரித்தது.

அவள் ஊரைக் கவிழ்த்து அடியிலிருந்தும் காட்டினாள். அஸ்திவாரங்கள் முளை அடித்ததுபோல் தொங்கின. லாரிக்காரன் தன் வீட்டைத் தேடித் தொட்டான். பச்சை. நாலு மூலையிலும் ஒரே நீளத்தில் நாலு முளை.

"கொத்தனாரே, அப்போ மேல ஒரு மாடி கெட்டலாமா? வளைகுடாவில இருந்து மவன் குடும்பத்தோட வாறான்."

எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாராளமா கெட்டலாம்" என்றேன்.

நானே கட்டிக் கொடுத்தேன். பதினைந்து வருஷ மழையில் குழி இறுகியிருக்கும் என்று நினைத்தேன். என் கைவேலைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நல்ல வேலைதான் அது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தாலும் சுவரில் ஒரு பிழை கிடையாது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மதியம் வடகிழக்கு மூலை இறங்கியது. அந்தப் பக்கம் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கப் போன லாரிக்காரன்மேல் மேல்சுவர் விழுந்தது. கல்லை நாங்கள் கையால்தான் விலக்கினோம். நான் வைத்த கல் எதுவென்று எனக்குத் தெரியும். ஆடு பிழைத்துக்கொண்டது.

அடக்கம் முடிந்து தங்கை மகள் என் வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அளவு நான் தெற்றிப் போட்டேனா மாமா? அந்தப் படத்தைப் பார்த்துத்தானே அவரு கெட்டினாரு. காலேஜில சொல்லி எல்லாத்தையும் அழிச்சிரப் போறேன்."

அவள் அப்படியே நினைத்துக்கொண்டு போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதையும் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"நீ எழுதினது சரியாக்கும். நான் சொன்னதுதான் பொய். அந்த மூலை குழி மக்கா."

அவள் அழவில்லை. பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தாள்.

"எத்தனை அடி ஆழம்?"

எல்லா அளவும் சொன்ன வாய் இது. குழியை நிரப்பிய அன்று அதில் தண்ணீர் கிடந்தது. அதன் அடியை நான் பார்க்கவே இல்லை.

"தெரியாது" என்றேன்.

அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.